கண்ணீரும் கையறுநிலையும்: பிரித்தானியத் தொலைக்காட்சி அவல நாடகங்களும் அவற்றின் பார்வையாளரும் (1966–1986)

நாடக வரலாறு எழுதப் புகுவோர் ஆசிரியனது வாழ்க்கை, படைப்பின் கட்டுக்கோப்பு, விமரிசகர் தீர்ப்பு ஆகியவற்றோடு நின்றுவிடுவதே பெருவழக்காக இருந்து வந்துள்ளது. நாடகத்தைப் பார்த்தவர் யாவர், பார்த்தபின் அவர் என்ன செய்தனர் என்னும் வினாக்கள் ஒரு பந்தியில் அடங்கிவிடும். பழைய அரங்குகளைப் பொறுத்தவரை இதற்கு ஒரு நியாயம் உண்டு; கூடியிருந்தோரின் குரல் எழுத்தில் எஞ்சவில்லை. ஆனால், ஒரே இரவில், ஒரே நேரத்தில், ஒரு நாட்டு மக்களில் நாலிலொரு பங்கினர் தத்தம் வீட்டு விறாந்தையிலிருந்தும் அடுக்களையிலிருந்தும் ஒரு நாடகத்தைப் பார்க்கும் நிலை தோன்றியபின்னர் அந்த வரலாற்றை ஆசிரியனோடு முடித்துவிடுவது இயலாது. பார்த்தவர்களின் செயலும் நாடக வரலாற்றின் பகுதியாகிவிடுகின்றது.

இக்கட்டுரையில் பிரித்தானியாவில் 1966ஆம் ஆண்டிற்கும் 1986ஆம் ஆண்டிற்கும் இடையில் ஒளிபரப்பான சில தொலைக்காட்சி நாடகங்களை எடுத்துக்கொள்கின்றோம். வீடிழந்தோர், குடியால் அழிந்தோர், வேலையிழந்து சித்தம் கலங்கியோர் ஆகியோரைப் பற்றிய இந்நாடகங்கள் எவையும் நம்பிக்கையோடு முடிவன அல்ல. இவற்றைக் கண்டோர் அழுதனர், பணம் அனுப்பினர், முறையிட்டனர், சிலவேளை சிரித்தனர். அவலத்தை அவலமாகவே காட்டும் கலை உழைக்கும் மக்களைச் செயலற்றவராக்கி விடுகின்றதா என்னும் நெடுநாள் வினாவுக்கு இவ்வெதிர்வினைகளில் ஒரு விடை கிடைக்கும் எனக் கருதுகின்றோம். அவ்விடை முற்போக்கு விமரிசகர் சிலர் எதிர்பார்க்கும் விடையன்று என்பதை முன்னரே கூறிவைப்பது நேர்மையாகும்.

1966 நவம்பர் 16ஆம் திகதி புதன்கிழமை இரவு, பி.பி.சி.யின் முதலாம் அலைவரிசையில், ‘புதன்கிழமை நாடகம்’ என்னும் வரிசையில் ‘கெத்தி கம் ஹோம்’ ஒளிபரப்பாயிற்று. எழுதியவர் ஜெறமி சான்ட்போர்ட், நெறியாளர் கென் லோச், தயாரிப்பாளர் ரொனி கார்னற். இதன் கதை எளியது. கெத்தி என்னும் இளம்பெண் இலண்டனுக்கு வருகின்றாள். றெக் என்னும் சாரதியை மணக்கின்றாள். புதுமையான அடுக்குமாடி வீடொன்றில் குடியேறுகின்றாள். கணவன் விபத்தொன்றில் காயமுற்று வேலை இழக்கின்றான். குழந்தைகள் பிறக்கின்றன. வீடு கைவிட்டுப் போகின்றது. மாமியாரின் நெருக்கடி மிக்க வீடு, சேரிக் குடியிருப்பு, நடமாடும் வண்டி வீடு எனப் படிப்படியாக இறங்கி, இறுதியில் வீடற்றோர் விடுதியொன்றை அடைகின்றாள். அவ்விடுதியில் கணவனுக்கு இடமில்லை. முடிவில் புகையிரத நிலையமொன்றில் அதிகாரிகள் அவளுடைய பிள்ளைகளைப் பறித்துச் செல்கின்றனர்.

கணவனுக்கு இடமில்லை என்பது ஆசிரியன் கற்பனையில் பிறந்ததன்று. 1834ஆம் ஆண்டின் வறியோர் சட்டத் திருத்தம் உழைப்பு விடுதிகளை ஏற்படுத்தியபோது கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்தலை அதன் விதிகளுள் ஒன்றாக்கியது. வறுமையை வெட்கத்துக்குரியதாகவும், உதவியை அஞ்சத்தக்கதாகவும் ஆக்குவதே அதன் நோக்கம். 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் வறியோர் சட்டத்தை ஒழித்ததாகப் பெருமைப்பட்டுக்கொண்டது. அச்சட்டத்தின் மூன்றாம் பகுதியின் கீழ், வீடற்ற குடும்பங்களுக்குத் தற்காலிக உறைவிடம் அளிக்கும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயின் பல இடங்களில் அவ்வுறைவிடங்களாகப் பயன்பட்டவை பழைய உழைப்பு விடுதிக் கட்டடங்களே. கட்டடம் மிஞ்சியது போலவே விதியும் மிஞ்சியது. நலன்புரி அரசு என்று போற்றப்பட்ட அமைப்பின் அடித்தளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கற்கள் இருந்தன என்பதை நாடகம் எண்பது நிமிடத்திற்குள் காட்டிவிட்டது.

இதனைப் பார்த்தோர் தொகை ஏறத்தாழ 120 இலட்சம். வீடுகளில் ஒளிப்பதிவுக் கருவி இல்லாத காலம், மூன்றே அலைவரிசைகள். பார்க்கத் தவறியவன் மறுஒளிபரப்புக்காகவே காத்திருக்க வேண்டும். எனவே மறுநாட் காலை தொழிற்சாலை வாயிலிலும் பேருந்திலும் பேச்சு இதுவாகவே இருந்தது. பி.பி.சி.க்குத் தொலைபேசி அழைப்புக்கள் வந்தன. பணம் கொடுக்க முன்வந்தோர் பலர். கெத்தியாக நடித்த கரோல் வைற்றைத் தெருவிற் கண்டவர்கள் அவர் உண்மையாகவே வீடற்றவர் என எண்ணிக் கையிற் பணத்தைத் திணித்தனர் என்பது பின்னர் பலமுறை சொல்லப்பட்ட செய்தி. இரு வாரங்கள் கழித்து, டிசம்பர் 1ஆம் திகதி, ‘ஷெல்ரர்’ என்னும் வீடற்றோர் நலன் அமைப்புத் தொடங்கப்பட்டது. நாடகத்தின் விளைவாகவே அது தோன்றியது என்று எழுதுவோர் உளர், அது சரியன்று. அதற்கான ஆயத்தங்கள் முன்னரே நடைபெற்றிருந்தன. ஆனால் அதற்கு வந்து குவிந்த ஆதரவுக்கு நாடகம் வழி திறந்தது என்பதில் ஐயமில்லை.

நாணயத்தைக் கையிற் திணித்தல் என்னும் இச்செயலை நாம் இலேசாக எடைபோடுதல் கூடாது. அதனை நகைப்பது எளிது. நடிகைக்கும் பாத்திரத்துக்கும் வேறுபாடு தெரியாத பாமரத்தனம் என்று அக்காலப் பத்திரிகையாளர் சிலர் எண்ணியிருக்கலாம். ஆனால் கொடுத்தவன் ஒன்றைச் சரியாகவே உணர்ந்திருந்தான்: கெத்தி போன்றோர் தெருவில் உளர். அவன் உணரத் தவறியது, அவர்களுக்கு நாணயத்தால் வீடு கிடையாது என்பதை. கருணை உண்மையானது, அது சென்றடைந்த முகவரிதான் தவறானது. பூர்ஷ்வா சமுதாயத்தில் இரக்கம் வெளிப்படுவதற்கு ஏற்கெனவே அமைந்திருந்த ஒரே வாய்க்கால் தருமம் என்பதால் அது அவ்வழியே ஓடிற்று. கென் லோச் பிற்காலத்தில், இத்தனை ஆரவாரத்துக்குப் பின்னரும் நடைமுறையில் நிகழ்ந்த மாற்றம் வீடற்ற தந்தையர் மனைவி மக்களோடு விடுதியில் தங்க அனுமதிக்கப்பட்டது ஒன்றே என்று கசப்போடு கூறியுள்ளார். காணி, வாடகை, கட்டட மூலதனம் ஆகியவை இருந்தபடியே இருந்தன. ஆயினும் 1834இன் விதியொன்று 1966இன் நாடகத்துக்குப் பின்னர் தளர்ந்தது என்றால் அதனை ‘ஒன்றே’ என்று ஒதுக்கிவிட எமக்கு மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளோடு விடுதியில் உறங்கிய தந்தைக்கு அது ஒன்றாகத் தோன்றியிராது.

எதிர்ப்பு வேறு திசைகளிலிருந்து வந்தது. நாடகத்தில் தவறுகள் உள்ளன என உள்ளூராட்சித் துறையினர் குறை கூறினர். 1967 ஜனவரியில் மறுஒளிபரப்பு நிகழவிருந்த வேளையில், முன்னர் பி.பி.சி.யின் பேச்சு நிகழ்ச்சிகளுக்குத் தலைமை தாங்கிய கிறேஸ் வின்டம் கோல்டி, உண்மையையும் புனைவையும் கலப்பதை நிறுத்த வேண்டும் என ‘சன்டே ரெலிகிராப்’ பத்திரிகையில் எழுதினார். கையிற் தூக்கிச் செல்லும் பதினாறு மில்லிமீற்றர் ஒளிப்படக் கருவியாற் தெருக்களிற் படமாக்கப்பட்டு, இடையிடையே வீடற்றோரின் குரல்களும் புள்ளிவிபரங்களும் ஒலித்தமையால், பார்ப்பவன் செய்தியைப் பார்க்கின்றானா கதையைப் பார்க்கின்றானா என மயங்குவான் என்பது வாதம். இவ்வாதத்தில் அறிவுப் பிரச்சினை ஒன்று உண்டென ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அரசகுடும்பத்துக் கதைகளில் உண்மையும் புனைவும் எத்தனை கலந்தாலும் எழாத ஐயம், வாடகை கட்ட முடியாதவளின் கதையில் மட்டும் எழுவதேன்?

இந்நாடகங்களின் எதிர்வினையை அறிய பி.பி.சி. கையாண்ட முறையையும் இவ்விடத்திற் சிறிது நோக்குதல் வேண்டும். 1936இல் விளம்பரத் துறையிலிருந்து வந்த றொபேட் சில்வி என்பவரே அந்நிறுவனத்தின் பார்வையாளர் ஆய்வுப் பிரிவைத் தோற்றுவித்தவர். நாள்தோறும் மக்களை நேர்கண்டு முன்தினம் எதனைக் கேட்டனர் அல்லது பார்த்தனர் என வினவுதல், குழுவாகத் தெரிந்தெடுக்கப்பட்டோரிடம் ஐந்து படிகளில் மதிப்பெண் பெற்று அவற்றை ஒரு சுட்டெண்ணாக்குதல் ஆகியன அதன் வழிகள். இச்சுட்டெண் ஒரு நிகழ்ச்சி எவ்வளவு பிடித்திருந்தது என்பதைக் கூறும். குதிரையோட்டத்தையும் கெத்தியையும் ஒரே தராசில் நிறுக்கும். பிள்ளைகள் பறிக்கப்படும் காட்சி ஒருத்திக்குப் ‘பிடிக்கவில்லை’ என்றால் அதன் பொருள் யாது? காட்சி மோசமானது என்பதா, உலகம் மோசமானது என்பதா? சுட்டெண்ணுக்கு இவ்வேறுபாடு தெரியாது. சில்வி நேர்மையான ஆய்வாளர், குறை அவருடையதன்று. நிகழ்ச்சியைப் பண்டமாகவும் பார்வையாளரை வாடிக்கையாளராகவும் கொள்ளும் சிந்தனையின் குறை அது.

இன்னொரு வகையான பார்வையாளரும் அக்காலத்தில் அணிதிரண்டிருந்தனர். பாடசாலை ஆசிரியையாக இருந்த மேரி வைற்ஹவுஸ் 1964இல் பேர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் கூட்டிய கூட்டமும், மறுவருடம் அவர் அமைத்த சங்கமும் தொலைக்காட்சியைத் ‘தூய்மைப்படுத்த’ முயன்றன. ‘புதன்கிழமை நாடகம்’ அவர்களது கண்டனத்துக்கு அடிக்கடி இலக்காயிற்று. அழுக்கைக் காட்டாதே என்பதே அவர்கள் கோரிக்கை. அழுக்கைச் செய்தோர் யாவர் என்ற கேள்வி அவர்களுடைய முறைப்பாட்டுத் தாள்களில் இடம்பெறவில்லை.

கெத்திக்குக் கிடைத்த கண்ணீர் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. சான்ட்போர்ட்டின் அடுத்த பெரும் படைப்பு இதனை எடுத்துக்காட்டும். 1971 ஒக்டோபர் 21ஆம் திகதி ஒளிபரப்பான ‘எட்னா, தி இனீபிரியேற் வுமன்’ என்னும் நாடகத்தை நெறிப்படுத்தியவர் ரெட் கொற்செஃப். தயாரித்தவர் ஐறீன் ஷூபிக். இதற்காக ஆசிரியர் தாமே நாடோடி வேடம் பூண்டு இரவு விடுதிகளில் தங்கினார். எட்னா முதியவள், தனியள், குடிப்பவள். நாடோடிகள் தங்குமிடம், மலிவு விடுதி, மனநோய் வைத்தியசாலை, சிறைச்சாலை என ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு எறியப்படுகின்றாள். அவளை மனிதப் பிறவியாக நடத்தும் விடுதியொன்று கிடைக்கின்றது. அயலவரின் எதிர்ப்பால் அதுவும் மூடப்படுகின்றது. நாடகத்தின் தலைப்பிற் குடி இருந்தபோதிலும் அதன் பொருள் அலைவே. 1824ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம் அப்பொழுதும் ஏட்டில் இருந்தது. மனநோய் வைத்தியசாலைகளை மூடிவிடப்போவதாகச் சுகாதார அமைச்சர் ஈனொக் பவல் 1961இலேயே அறிவித்திருந்தார். மூடியபின் அங்கிருந்தோர் செல்லுமிடம் எது என்பதை யாரும் அத்துணைத் தெளிவாக அறிவிக்கவில்லை.

எட்னாவாக நடித்த பற்றீசியா ஹேய்ஸ், ரொனி ஹன்கொக் போன்ற நகைச்சுவையாளருடன் நடித்துச் சிரிப்பூட்டியவராகவே அதுவரை அறியப்பட்டவர். அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான பரிசு அவருக்குக் கிடைத்தது. பார்வையாளர் அறிந்த முகம், சிரித்துப் பழகிய முகம், குப்பையிற் கிடக்கக் கண்டபோது ஏற்பட்ட அதிர்ச்சி கெத்தியின் அழகிய முகம் தந்த இரக்கத்தினின்றும் வேறானது. எட்னாவின் கையில் நாணயம் திணிக்கத் தோன்றாது. கொடுத்தால் அவள் குடித்துவிடுவாள் என்ற எண்ணம் குறுக்கிடும். ‘தகுதியுள்ள வறியோர்’, ‘தகுதியற்ற வறியோர்’ என்ற பழைய பாகுபாடு பார்வையாளனின் கண்ணீர்ச் சுரப்பி வரை சென்றிருந்தது என்பதையே இவ்வேறுபாடு உணர்த்துகின்றது. சட்டமும் அதனையே பிரதிபலித்தது. லிபரல் கட்சி உறுப்பினர் ஸ்ரீபன் றொஸ் கொணர்ந்த மசோதாவிலிருந்து பிறந்த 1977ஆம் ஆண்டின் வீடற்றோர் சட்டம், பிள்ளைகளையுடைய குடும்பத்துக்கு உறைவிடம் அளிப்பதை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கிற்று. தனியருக்கோ முதுமை, மனநோய், உடற்குறை போன்ற காரணங்களால் நலிந்தோர் என நிறுவினால் மட்டுமே அக்கடமை பொருந்தும். வேண்டுமென்றே வீடிழந்தோர் என அதிகாரி முடிவு செய்தால் எவருக்கும் நிரந்தர வீடு இல்லை. கெத்தி சட்டத்துக்குள் நுழைந்தாள். எட்னா வாசற்படியில் நின்றாள்.

குடியைப் பற்றிய நாடகம் வேறு விதமாகவும் எழுதப்படக்கூடும். 1958 ஒக்டோபரில் அமெரிக்காவில் சி.பி.எஸ். ஒளிபரப்பிய ஜே. பி. மில்லரின் ‘டேய்ஸ் ஒஃப் வைன் அன்ட் றோசஸ்’ இதற்கு உதாரணம். கணவனும் மனைவியும் குடிக்கு அடிமையாகின்றனர். கணவன் குடிநோயாளர் சங்கத்தின் துணையால் மீள்கின்றான், மனைவி மீளவில்லை. திறமையான நாடகம், துயரமும் பொய்யன்று. ஆனால் குடி அங்கு இரு தனிமனிதர் நெஞ்சில் நிகழும் போராட்டமாகவே நின்றுவிடுகின்றது. எங்கெல்ஸ் 1845இல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நூலில், அவர்களுடைய வாழ்நிலையில் குடி என்பது ஒழுக்கக் குற்றமாக இல்லாது, குறித்த நிலைமைகளின் தவிர்க்கமுடியாத விளைவாகிவிடுகின்றது என்று விளக்கினார். மில்லரைப் பார்த்தவன் மனைவியின் மனவுறுதி போதாது என்று வருந்துவான். எட்னாவைப் பார்த்தவனுக்கு அந்த ஆறுதல் இல்லை. அவளைத் திருத்திவிட்டால் மட்டும் போதாது என்பதைத் தொண்ணூறு நிமிடமும் அவன் காண்கின்றான்.

அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் வகுத்துள்ளமை இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. பிறரால் இகழப்படல், இழத்தல், முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல், வறுமை என்னும் நான்கும் எட்னாவிடம் ஒருங்கே உள. இவற்றுள் இழவைத் தவிர ஏனைய மூன்றும் சமுதாய உறவுகளிலேயே கருக்கொள்வன. இழவும் பெரும்பாலும் அவ்வாறே. ஐரோப்பிய அழகியல் அவலத்தை வீரனின் வீழ்ச்சியிற் தேடிக்கொண்டிருக்க, வறுமையையே அழுகைக்குப் பிறப்பிடமாக வகுத்த மரபொன்று நம்மிடம் இருந்தது என்பதைச் சொல்லிச் செல்கின்றோம். பெருமைக்காக இதனைக் கூறவில்லை. வறுமையைக் கண்டு அழுதலும் வறுமையை ஒழித்தலும் ஒன்றல்ல என்பதற்கு நமது இலக்கியமே போதிய சான்று.

அவலம் கண்டு அழுதபின் என்ன நிகழ்கின்றது? இவ்வினாவை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் தொம்சன். பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் தத்தம் கலாநிதிப் பட்ட ஆய்வுகளை அவரிடத்தே மேற்கொண்டனர் என்பதை இச்சஞ்சிகையின் வாசகர் அறிவர். ‘ஈஸ்கிலசும் அதென்சும்’ என்ற 1941ஆம் ஆண்டு நூலில் தொம்சன், அரிஸ்டோட்டில் கூறும் உணர்ச்சி வடிகாலைப் பண்டைக் கிரேக்கரின் வெறியாட்டு, பேயோட்டு, நோய் நீக்கச் சடங்குகளோடு தொடர்புபடுத்தி விளக்கினார். அடக்கப்பட்டவை வெளிப்பட்டு வடிந்தபின் மனிதன் அமைதியுற்று, இருக்கும் ஒழுங்குக்குள் மீளச் சென்று அமைவான். அதே பல்கலைக்கழகத்தில் 1964இல் நிறுவப்பட்ட பண்பாட்டு ஆய்வு மையத்தில், 1973இல் ஸ்ருவேட் ஹோல் எழுதிய கட்டுரையொன்று இவ்வினாவை மறுமுனையிலிருந்து அணுகியது. செய்தியை அனுப்புவோன் வைத்த பொருளைப் பெறுவோன் அப்படியே ஏற்கலாம். தன் நிலைமைக்கேற்பப் பேரம்பேசி ஏற்கலாம். முற்றாக எதிர்த்தும் வாசிக்கலாம் என்றார் ஹோல். அவருடைய மாணவர் டேவிட் மோர்லி, நடப்புச் செய்தி நிகழ்ச்சியொன்றை இருபத்தொன்பது குழுக்களுக்குக் காட்டி, வங்கி முகாமையாளரும் தொழிற்சங்கப் பிரதிநிதிகளும் ஒன்றையே எத்துணை வேறாகக் காண்கின்றனர் என்பதை 1980இல் வெளியிட்டார். வர்க்கம் ஒன்றினாலேயே எதிர்வினை தீர்மானிக்கப்படுவதில்லை என்பதும் அவரது முடிவாகும். இது எம்மவர் சிலருக்கு உவப்பாக இராது. சான்று இருப்பின் ஏற்பதே விஞ்ஞான நோக்கு.

தொம்சனும் ஹோலும் கூறியவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பதற்கு 1982ஆம் ஆண்டின் ‘போய்ஸ் ஃப்றொம் த பிளாக்ஸ்ரஃப்’ போன்ற பொருத்தமான உதாரணம் வேறில்லை. லிவர்பூலைச் சேர்ந்த அலன் பிளீஸ்டேல் எழுதிய இத்தொடர் ஒக்டோபர் 10ஆம் திகதி முதல் ஐந்து வாரங்கள் பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசையில் ஒளிபரப்பாயிற்று. நெறியாளர் பிலிப் சவில்; தயாரிப்பாளர் மைக்கல் வெயறிங். தாரிட்டு வீதி அமைக்கும் தொழிலாளர் குழுவொன்றின் கதை இது. இக்கதைமாந்தர் தோன்றிய முதல் நாடகம் 1978இல், தொழிற்கட்சி ஆட்சியிலேயே எழுதப்பட்டது. 1980 ஜனவரியில்தான் ஒளிபரப்பாயிற்று. மார்கிரட் தட்சரின் ஆட்சிக்கு எதிரான நாடகம் என்று மட்டும் இதனைக் கூறுவோர் இந்த ஆண்டுக் கணக்கைக் கவனிப்பதில்லை. நோய் ஒரு கட்சியின் வருகையோடு தொடங்கியதன்று. ஆனால் 1982இன் தொடக்கத்தில் வேலையற்றோர் தொகை முப்பது இலட்சத்தைத் தாண்டிவிட்டது. முந்திய யூலையில் லிவர்பூலின் ரொக்ஸ்ரெத் பகுதி எரிந்தது. நாடகம் தனது காலத்துக்காகக் காத்திருந்தது போலாயிற்று.

நான்காம் பகுதி யொசர் ஹியூசின் கதை. பேர்ணாட் ஹில் என்னும் நடிகரால் உயிர்பெற்ற யொசர், வேலை இழந்தான், மனைவி பிரிந்தாள், மூன்று பிள்ளைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டு நகர் எங்கும் அலைகின்றான். யாரைக் கண்டாலும் தன் பெயரைச் சொல்கின்றான். எவன் எவ்வேலை செய்யக் கண்டாலும் அதனைத் தன்னாலும் செய்ய முடியுமென்று கூறித் தனக்கு வேலை கேட்கின்றான். சினம் மீறும்போது தலையால் முட்டுகின்றான். பிள்ளைகள் பறிக்கப்படுகின்றனர், வீடும் போகின்றது. இறுதியில் நீரில் மூழ்கிச் சாக முயல்கின்றான். அதற்கும் விடப்படாது கரைக்கு இழுக்கப்படுகின்றான். உழைப்பே தன் அடையாளம் எனக் கற்பிக்கப்பட்ட ஒருவனிடமிருந்து உழைப்புப் பறிக்கப்பட்டபோது அடையாளமே சிதைவதன் வரலாறு இது. மார்க்ஸ் அந்நியமாதல் பற்றி எழுதியது உழைப்பின் உள்ளே நிகழ்வதனை. யொசரிடம் காண்பது உழைப்பிலிருந்தே அந்நியமாக்கப்பட்டவனின் சித்தக் கலக்கம். மனத்தில் விழுந்த ஊறு என்று உளவியலார் கூறுவதற்கு இங்கு வேலைநீக்கக் கடிதமே கருவி.

இதற்குப் பார்வையாளர் காட்டிய எதிர்வினை எவரும் எதிர்பாராதது. நாடகம் பெற்ற வரவேற்பால் சில வாரங்களுக்குள், 1983 ஜனவரியில், அது முதலாம் அலைவரிசையில் மறுபடியும் ஒளிபரப்பப்பட்டது. அக்காலத்தில் இது அரிது. யொசர் வேலை கேட்கும் சொற்றொடர், லிவர்பூல் பேச்சுத் தமிழிற் கேட்பதுபோல் கொச்சையான அந்தச் சிறு வாக்கியம், நாடு முழுவதும் பரவிற்று. உதைபந்தாட்ட மைதானங்களிற் கூட்டத்தினர் அதனை ஒருமித்துக் கோஷித்தனர். சிறுவர் அதனைச் சொல்லி விளையாடினர். கெத்திக்காக அழுத நாடு யொசரைப் பார்த்துச் சிரித்தது. (‘பேச்சுத் தமிழ்’ என எழுதிவிட்டோம், லிவர்பூலின் பேச்சாங்கிலத்தை ஏனைய ஆங்கிலேயர் கேட்கும் விதம், நமது பிரதேச வழக்குகளைப் பட்டணத்தார் கேட்கும் விதத்தை ஒத்ததாகையால் அச்சொல் தானாக வந்துவிட்டது.)

இச்சிரிப்பை எவ்வாறு விளக்குவது? அவலம் கேலியாகத் தேய்ந்துவிட்டது, முதலாளித்துவப் பண்பாடு எதனையும் விழுங்கிச் சீரணித்துவிடும் என ஒரு விளக்கம் கூறலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. வேலையுள்ளவனின் வாயில் அந்தச் சொற்றொடர் வெறும் பகிடியே. ஆனால் யார் கோஷித்தனர் என்பதைப் பார்க்க வேண்டும். மைதானத்தில் நின்ற இளைஞருட் பலர் வேலையற்றவர், அல்லது வேலையற்றவரின் பிள்ளைகள். திரையில் யொசர் தனியனாக, பைத்தியக்காரனாக, வெட்கம்கெட்டவனாக நின்று கேட்டதை அவர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடிக் கேட்டனர். ஒருவன் கேட்கையில் பிச்சை. கூட்டம் கேட்கையில் அது கோஷம். வேலையின்மை வெட்கத்துக்குரியது என்ற எண்ணத்தால் வீட்டுக்குள் ஒடுங்கியிருந்தவர்கள், அவ்வெட்கத்தையே சிரிப்பாக்கி வெளியே எறிந்தனர். இது தொம்சன் விளக்கிய வடிகால்தான் எனின், வடிந்தபின் அமைதியுற்றுச் செல்லும் வடிகாலன்று. அதே வேளை இது அரசியற் செயலுமன்று. 1983 யூனில் நடந்த பொதுத் தேர்தலில் தட்சர் முன்னரிலும் பெரும்பான்மை பெற்றார் என்பதை மறைத்துக்கொண்டு இதனை எழுதுதல் தகாது.

இத்தகைய நாடகங்கள் மீது இடதுசாரி விமரிசகர் சாட்டிய குற்றம் ஒன்றுண்டு. யொசர் ஏன் தொழிற்சங்கத்தை நாடவில்லை? தொழிலாளியைத் தோற்றவனாகவே காட்டுவது இயற்பண்புவாதம்; வர்லாற்றின் இயங்குதிசையைக் காட்டாத கலை யதார்த்தவாதமாகாது. லூக்காக்சின் நிழலில் வளர்ந்த இவ்வாதம் நமது ஈழத்து விமரிசனத்திலும் பலகாலம் ஒலித்தது. நாமும் மாணவப் பருவத்தில் கதைகளின் முடிவில் செங்கொடியைத் தேடியவர்களே. ஆனால் இதற்குப் பிரெக்ட் 1949இல் அளித்த விடை இன்றும் வலுவிழக்கவில்லை. ‘தைரியத் தாய்’ நாடகத்தின் முடிவில் அவள் போரினைப் பற்றி உண்மையை உணர்ந்திருக்க வேண்டாமா என்று பிரெட்றிக் வொல்ஃப் வினவினார். அவள் கற்காவிடினும் அவளைப் பார்த்துப் பார்வையாளர் கற்கலாம் என்பது பிரெக்டின் நிலைப்பாடு. எட்டு ஆண்டுகளுக்கு முன் சூரிச்சில் அந்நாடகம் மேடையேறியபோது, பத்திரிகைகள் தாயின் துயரை வியந்து எழுதின, வாணிபத்தை மறந்தன. பிரெக்ட் அதற்காகக் காட்சிகளைத் திருத்தினார். பின்னரும் பார்வையாளர் அழுதனர். எனவே எழுத்தாளன் எவ்வளவு திருத்தினும் கண்ணீரின் திசை அவன் கையில் முற்றாக இல்லை.

மேலும் ‘பிளாக்ஸ்ரஃப்’பில் தொழிற்சங்கம் இல்லாமலில்லை. இறுதிப் பகுதியில் மரணத்தை எதிர்நோக்கும் முதிய தொழிலாளி ஜோர்ஜ், பாழடைந்து கிடந்த அல்பேட் துறையருகே தன் கடந்தகாலப் போராட்டங்களை நினைவுகூர்கின்றார். அப்பாத்திரத்தை ஏற்ற பீற்றர் கெறிகன் உண்மையிலேயே துறைமுகத் தொழிலாளியாக இருந்தவர். 1969இல் லிவர்பூற் துறைமுக வேலைநிறுத்தம் பற்றி ஜிம் அலன் எழுதி லோச் நெறிப்படுத்திய ‘த பிக் ஃபிளேம்’ நாடகத்திலும் நடித்தவர். 1969இன் துறைமுகம் தொழிலாளர் கைப்பற்றக்கூடிய ஒன்றாகத் திரையில் தெரிந்தது. 1982இல் அது வெறும் சேறும் இடிபாடும். அதே மனிதரின் முகம் இரண்டிலும். இவ்விரு படைப்புக்களையும் அடுத்தடுத்துப் பார்த்த ஒருவனுக்குப் பதின்மூன்று ஆண்டுப் பொருளாதார வரலாற்றை வேறெவரும் விளக்க வேண்டியதில்லை.

அரசும் பார்வையாளரைக் கவனித்துக்கொண்டிருந்தது. எண்பதுகளில் மெர்சி ஆற்றங்கரை நகரங்களில் வேலையின்மையோடு ஹெரோயினும் பரவியது. 1986இல் பி.பி.சி.யின் சிறுவர் தொடரான ‘கிறேஞ்ச் ஹில்’, சம்மோ என்னும் மாணவன் ஹெரோயினுக்கு அடிமையாவதைக் காட்டிற்று. பாடசாலை விட்டு வந்து தேநீர் அருந்தியவாறே தொடரைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், தாம் ஆண்டுகளாக அறிந்த ஒருவன் அழிவதைக் கண்டனர். இதிலே பாராட்டத்தக்க துணிவு இருந்தது. ஆனால் தொடர்ந்து நடிகர்கள் பாடி வெளியிட்ட ‘ஜஸ்ற் சே நோ’ என்னும் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம் பெற்றது. அவர்கள் வாஷிங்டன் சென்று வெள்ளை மாளிகையில் நான்சி றேகனைச் சந்தித்தனர். ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவதே மருந்தாயிற்று. மில்லரின் 1958ஆம் ஆண்டு நாடகத்தில் மனவுறுதியாக இருந்தது, இப்போது அரச கொள்கையின் சுலோகமாக உருமாறியது. யொசரின் சொற்றொடரை மக்கள் திரையிலிருந்து பிடுங்கி மைதானத்துக்குக் கொண்டுசென்றனர். சம்மோவின் சொற்றொடர் மேலிருந்து கீழே வழங்கப்பட்டது. முன்னது வேலை கேட்டது. பின்னது எதனையும் கேட்கவில்லை.

2023இல் லிவர்பூல் றோயல் கோர்ட் அரங்கிலும் மறுவருடம் இலண்டன் தேசிய அரங்கிலும் ஜேம்ஸ் கிறகாம் மேடைக்கென ஆக்கிய ‘பிளாக்ஸ்ரஃப்’ நிகழ்த்தப்பட்டது. பேர்ணாட் ஹில் 2024 மே மாதம் காலமானார். ஜோர்ஜ் கடைசியாகப் பார்த்த அல்பேட் துறை அதற்கு நெடுங்காலம் முன்னரே செப்பனிடப்பட்டு, கலைக்கூடமும் உணவகங்களும் கடைகளும் நிறைந்த உல்லாசப் பயண இடமாகிவிட்டது.